எட்டு மீட்டர் வித்தியாசம்

ஒரு கோயிலை வலமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும் காரின் இடப்பக்கச் சக்கரம், வலப்பக்கச் சக்கரத்தைவிட ஏறக்குறைய எட்டு மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். கோயில் சிறியதா பெரியதா என்பது இதில் பொருட்டே இல்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஆறேழு கிலோமீட்டரில் இருக்கும் திருவாமாத்தூர் அபிராமேஸ்வரர் கோயிலைச் சுற்றினாலும் எட்டு மீட்டர்தான். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றினாலும் அதே எட்டு மீட்டர்தான். இரு சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள அகலத்தை ஒன்றேகால் மீட்டர் என்று வைத்துக்கொண்டு இரண்டு பையால் பெருக்கினால் 7.85 வருகிறது. வட்டத்தின் ஆரம் கணக்கிலிருந்து அடிபட்டுப் போகிறது. நடுவில் பாதை எப்படி வளைந்து நெளிந்தாலும், புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும்போது நிற்கும் பாக்கி இவ்வளவுதான். நான்கு முக்குள்ள தெரு என்றால் முக்குக்கு இரண்டு மீட்டர்.

ஒரே அச்சில் கிடக்கிற இரண்டு சக்கரங்கள் ஒரே பயணத்தில் இருவேறு தூரம் ஓடியாக வேண்டும். இந்த வித்தியாசத்தை எங்கே வைப்பது என்பதுதான் சக்கரம் பூட்டிய எல்லா வண்டிக்கும் உள்ள பழைய சிக்கல்.

மாட்டு வண்டிக்கு இந்தக் கவலை கிடையாது. அச்சு சும்மா நிற்கிறது. சக்கரங்கள் அதில் தனித்தனியாகச் சுழல்கின்றன. இழுப்பது மாடு, சக்கரம் அல்ல. எனவே ஒரு சக்கரம் முந்தலாம், மற்றது பிந்தலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ரயிலில் நிலைமை நேர்மாறு. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டுவிட்டன. ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே தீர வேண்டும். விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னைக்கு, கடலூர் வழியாக மெயின் லைனுக்கு, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு, புதுச்சேரிக்கு, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு என்று ஐந்து திசைகளில் தண்டவாளம் பிரிகிறது. பிரிகிற இடமெல்லாம் வளைவு. அங்கே ரயில் தப்பிப்பது சக்கரத்தின் வடிவத்தால். சக்கர விளிம்பு தட்டையாக இருப்பதில்லை; இருபதுக்கு ஒன்று என்ற பழைய கணக்கில் கூம்பாகச் சரித்துக் கடைந்திருப்பார்கள். வளைவில் அச்சு வெளிப்பக்கம் ஒதுங்கும்போது வெளிச் சக்கரம் தன் பெரிய சுற்றளவிலும், உள்சக்கரம் சிறிய சுற்றளவிலும் உருளும். கூம்பின் சரிவு போதாத கடும் வளைவுகளில் மிச்ச வித்தியாசம் இரும்பும் இரும்பும் உரசும் கிறீச்சொலியாக வெளியே வருகிறது. யார்டுக்குள் மெதுவாகத் திரும்பும் ரயில் பெட்டிகள் அலறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காருக்கு இரண்டு வழியும் உதவாது. அதன் சக்கரம் மாட்டு வண்டிச் சக்கரம்போலச் சும்மா உருண்டால் போதாது, தள்ளவும் வேண்டும். தார்ச்சாலையில் கூம்பும் எடுபடாது. 1820-களின் கடைசியில் ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி, நீராவி வண்டிக்கென்று ஒரு பல்சக்கரக் கூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று லாரி, பஸ் போன்றவற்றின் பின்னச்சில் நடுவே உருண்டு புடைத்திருக்கிற, ஆட்டோவிலும் டிராக்டரிலும்கூட உள்ள டிஃபரன்ஷியல் அந்த வழியில் வந்தது.

நம் ஊர் மெக்கானிக்குகளின் வாயில் அதன் உறுப்புகளுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. என்ஜினின் சுழற்சி டெயில் பினியன் வழியாகக் கிரவுன் வீலுக்கு வருகிறது. கிரவுன் வீல் சக்கரங்களை நேரடியாகத் திருப்புவதில்லை. தன்னோடு சேர்த்து ஒரு கூட்டைச் சுற்றுகிறது. கூட்டுக்குள் குறுக்கே ஒரு முளை, அதில் இரண்டு ஸ்டார் பினியன்கள். அவற்றோடு பல் கோத்து இரு பக்கமும் இரண்டு சன் கியர்கள். ஒவ்வொரு சன் கியரிலிருந்தும் ஓர் ஆக்சில் ஷாஃப்ட் தன் பக்கத்துச் சக்கரத்துக்குப் போகிறது. நேர்ச்சாலையில் இந்த நான்கு கியர்களும் கூட்டோடு ஒட்டிக்கொண்டு மொத்தமாகச் சுற்றும். வளைவு வந்ததும் ஸ்டார் பினியன்கள் தம் முளையில் மெல்ல உருளத் தொடங்கும். ஒரு பக்கம் எத்தனை சுற்றுக் குறைகிறதோ, மறுபக்கம் அத்தனை சுற்றுக் கூடும். எட்டு மீட்டர் அந்தக் கூட்டுக்குள்ளேயே, எண்ணெயில் மூழ்கி, சத்தமில்லாமல் கழிந்துவிடும்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் வேகத்தில் விடுதலை தருகிறது. ஆனால் விசையைச் சரிபாதியாகத்தான் பங்கிடும். ஒரு சக்கரம் எவ்வளவு தாங்குமோ அதற்கு மேல் மற்றதற்கும் கிடைக்காது. ஒரு சக்கரம் சேற்றுக் குழியில் வழுக்கிச் சுழன்றால், கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கு வலு இருந்தும் பயனில்லை. குழிச் சக்கரம் கிறுகிறுவென்று சுற்ற, வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இந்தக் கூட்டைப் பூட்டிவிட்டால் எல்லாம் தலைகீழாகிறது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும். விசையோ தாங்குகிற பக்கத்துக்கு அதிகமாகப் போகும். திறந்த அச்சில் விசை சமம், வேகம் அவரவர் பாடு. பூட்டிய அச்சில் வேகம் சமம், விசை அவரவர் பாடு. இரண்டையும் சேர்த்துச் சமமாக வைக்கிற அச்சு கிடையாது. சமத்துவம் பற்றிப் பேசுகிறவர்கள் எதைச் சமமாக வைக்கப் போகிறார்கள், எதை விட்டுக்கொடுக்கப் போகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இந்த இரும்புக் கூட்டைப் பார்க்கும்போதுதான்.

அச்சைப் பூட்ட ஆசைப்படுகிறவர்களும் உண்டு. காரை வேண்டுமென்றே பக்கவாட்டில் சறுக்கவிட்டு, அந்தச் சறுக்கலைக் கைக்குள் வைத்துக்கொண்டு வளைவைக் கடக்கும் வித்தைக்கு டிரிஃப்டிங் என்று பெயர். 1970-களில் ஜப்பானியப் பந்தய ஓட்டுநர் குனிமிட்சு தகஹாஷி வளைவுகளில் இப்படி ஓட்டியதைப் பார்த்து ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. அவர்களில் ஒருவரான கெய்ச்சி சுச்சியா மலைச்சாலைகளில் ஓட்டிக் காட்டிய வித்தை 1987-இல் வீடியோவாக வந்து பரவியது. 2000-இல் ஜப்பானில் டி1 போட்டி தொடங்கியது. இதில் யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை. சறுக்கிய கோணம், பிடித்த பாதை, வேகம், அழகு ஆகியவற்றுக்கு நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். 2006-இல் வந்த ஹாலிவுட்டின் டோக்கியோ டிரிஃப்ட் படம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயிற்று. எந்த ஊர் இளைஞனின் கைப்பேசியிலும் இன்று அந்த டயர்ப் புகை இருக்கிறது.

இந்த வித்தைக்குத் திறந்த டிஃபரன்ஷியல் பெரிய தடை. வளைவில் காரின் பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது. உள்பக்கப் பின்சக்கரம் லேசாகிப் பிடிமானம் இழக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த லேசான சக்கரம் மட்டும் புகைவிட்டுச் சுழலும். வெளிச் சக்கரத்துக்கு அதே அற்ப விசைதான் போகும், அது தரையை விடாது. வால் வெளியே வந்தாலும் நிற்காமல் மடங்கிவிடும். பூட்டிய அச்சில் இரண்டும் சேர்ந்தே பிடிக்கும், சேர்ந்தே வழுக்கும். எந்தக் கணத்தில் வழுக்கும் என்பது ஓட்டுநருக்குக் கால்வழியே தெரிகிறது. அதன் பிறகு ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, மிதியால் கோணத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இதே வண்டியை மெதுவாக ஒரு தெருமுக்கில் திருப்பிப் பாருங்கள். திரும்ப மாட்டேன் என்று மூக்கை நேராக நீட்டும். பின்டயர்கள் கீச்சிட்டுத் துள்ளும். நடை வேகத்தில் வளைய மறுக்கும் வண்டி, பிடி விட்டுச் சறுக்கும்போது மட்டும் சொன்னபடி கேட்கிறது.

இதற்குப் பின்சக்கரம் தள்ளுகிற கார் வேண்டும். நம்மிடம் ஒரு காலத்தில் அதைத் தவிர வேறு கிடையாது. அம்பாசடர், பத்மினி, சென்னையின் வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிறகு வந்த கஸெல் எல்லாம் பின்னால் தள்ளுபவை. மாருதி 800 வந்த பிறகு காரின் உந்துவிசை முன்னுக்குப் போய்விட்டது. அதே மாருதியின் ஆம்னியோ 2019 வரை பழைய வழியில் பின்னச்சோடு ஓடியது. இப்போது ஈக்கோ ஓடுகிறது. அதனால் ஜப்பானியக் காருக்கும் ஜெர்மன் காருக்கும் வழியில்லாத ஒரு விழுப்புரத்துப் பையனின் கனவு கடைசியில் ஒரு பழைய ஆம்னியின் அடியில் வந்து நிற்கிறது. 796 சிசி என்ஜின். காய்ந்த தார்ச்சாலையில் இரண்டு டயர்களையும் ஒருசேர வழுக்கவைக்க அதற்குத் தெம்பு இல்லை. ஈரத்திலோ மணலிலோதான் சாத்தியம். ஆனாலும் ஆசை வருகிறது. ஆசைக்குக் குதிரைத்திறன் தேவையில்லை.

மிகக் குறைந்த செலவில் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வழி, வெல்டிங். ஹவுசிங்கைக் கழற்றி, நைன்ட்டி ஆயிலை வடித்து, கூட்டை வெளியே எடுத்து, நான்கு கியர்களையும் ஒன்றோடொன்று பற்றவைத்துவிடுவது. சொல்ல எளிது. அந்தப் பற்களின் மேல்தோல் கடினப்படுத்தப்பட்ட எஃகு, கார்பன் மிகுந்தது. சூடுபடுத்தாமல் ஆர்க் பிடித்தால் ஆறும்போது நூலாக வெடிக்கும். பல்லிடுக்கில் துளி எண்ணெய் தங்கியிருந்தாலும் வெல்டில் குமிழி விழும். எனவே நன்றாகக் கழுவி, முன்கூட்டிச் சூடேற்றி, ஈரப்பதம் ஏறாத ராடால் ஆழமாகப் பற்றவைத்து, மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அப்படியும் ஒரு துண்டு பெயர்ந்து கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் நடுவே விழுந்தால், ஓடும் வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே நொடியில் இறுகிவிடும். வெல்டு நின்றால் சுமை அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும். அநேகமாக ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கி ஒடியும். இந்த வேலையை ஏற்றுக்கொள்ளும் பட்டறையில் கேட்கக்கூடிய பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, ஒட்டிக் குடுத்துடுங்கண்ணே. பிடிக்கலன்னா அப்புறம் பிரிச்சுக்கலாம்."

"தம்பி, ஒட்டுறது ஒரு மணி நேர வேல. பிரிக்கிற வேலையே கெடையாது. வேற கூடு வாங்கித்தான் மாட்டணும்."

பணம் இருப்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. கியர்களை எடுத்துவிட்டு ஒரே கட்டியாகக் கடைந்த ஸ்பூலைப் போடலாம். பூட்டு அதேதான், வெடிக்கும் பயம் குறைவு. கிளட்ச் தட்டுகள் வைத்த லிமிட்டெட் ஸ்லிப் வகை, விசை ஏற ஏறத் தானே இறுகும், தளர்ந்தால் தளரும். டிரிஃப்ட் ஓட்டுநர்கள் மிதிக்கும்போதும் காலை எடுக்கும்போதும் இரு நிலையிலும் இறுகும் டூ-வேயை விரும்புவார்கள். மஹிந்திரா தாரில் வரும் ஈட்டன் நிறுவனத்தின் இயந்திரப் பூட்டு வேறு ரகம்: இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும், தேவை தீர்ந்ததும் தானாக விடும். விலை ஏறுவது பூட்டின் பலத்துக்காக அல்ல. திறக்கத் தெரிந்த பூட்டு என்பதற்காக.

இந்த விஷயத்தில் பந்தயக்காரனைவிட உழவன் முன்னோடி. விழுப்புரம் வட்டாரத்தில் வயலுக்குள் இறங்கும் டிராக்டர்களில் ஓட்டுநரின் காலடியில் டிஃபரன்ஷியல் லாக் என்ற சிறிய மிதி இருக்கிறது. சேற்றுழவில் கேஜ் வீல் மாட்டி இறங்கும்போது ஒரு பக்கம் புதைந்து சுழன்றால், அதை அழுத்துவார்கள். இரண்டும் சேர்ந்து வண்டியை மேலே ஏற்றும். பிடி கிடைத்ததும் காலை எடுத்தால் ஸ்பிரிங் பூட்டைத் திறந்துவிடும். வரப்போரம் திரும்பும்போது அதை மிதிக்கக்கூடாது என்பது டிராக்டர் பழகுகிறவனுக்கு முதல்நாளே சொல்லித்தரப்படும் பாடம். திரும்புவதற்கு வேறு மிதிகள் உள்ளன: இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்தை அழுத்தினால் அந்தச் சக்கரம் தங்கும், மற்றது சுற்றி வரும். அது டிஃபரன்ஷியல் தரும் விடுதலையை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்வது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வரும்போது அந்த இரண்டு பிரேக்குகளையும் ஒரு கொக்கியால் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி கவிழும். ஒரே இயந்திரத்தில் சேற்றுக்கு ஒரு நியாயம், வரப்புக்கு ஒரு நியாயம், தார்ச்சாலைக்கு ஒரு நியாயம். திண்டிவனம் பக்கம் காய்ந்த மணிலாக்கொல்லையில் உழும் அதே டிராக்டர் ஒரு போகம் முழுக்க அந்தப் பூட்டு மிதியைத் தொடாமலே இருக்கலாம்.

நெகிழ்ந்த தரையும் இந்த ஏற்பாட்டில் ஒரு பங்காளி. சேற்றில் பூட்டினால் வித்தியாசத்தைச் சேறு வாங்கிக்கொள்கிறது. தார்ச்சாலையில் பூட்டினால் டயர் வாங்கிக்கொள்கிறது, தேய்ந்து கறுப்புக் கோடாகத் தரையில் எழுதுகிறது. டயரும் கொடுக்காத இடத்தில் ஷாஃப்ட் ஒடிந்து கொடுக்கிறது. எட்டு மீட்டர் எங்கும் போய்விடுவதில்லை. உள்ளே கழிக்க மறுத்தால் வெளியே யாரோ கட்ட வேண்டியிருக்கிறது.

இதைத் தமிழ்நாட்டில் மிகப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் திருவாரூருக்குப் போக வேண்டும். 96 அடி உயர ஆழித்தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சுகள் நேராகக் கிடக்கின்றன, எந்தப் பக்கமும் முறிக்க முடியாது. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் தேர் தானாக வளையாது. நேர்வீதியில் முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்துக்கு முன் கட்டையைக் கொடுத்துக் கொடுத்துத் தேரை வழிக்குக் கொண்டுவருகிறார்கள். வீதிமுக்கு வந்ததும் சக்கரங்களுக்கடியில் இரும்புத் தகடுகளைப் போட்டுக் கிரீஸ் தடவுகிறார்கள். சக்கரம் உருளாமல் பக்கவாட்டில் வழுக்க, தேர் மூலை திரும்புகிறது. ஜப்பானிய மலைச்சாலைக்கு வெகு காலம் முன்பே வளையாத அச்சைச் சறுக்கவைத்து வளைத்த கூட்டம் நாம்தான் என்று பெருமை பேசலாம். பேசுவதைவிட அவர்கள் செய்வதைக் கவனிப்பது நல்லது. எங்கே சறுக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் தரையைத் தயார் செய்கிறார்கள். முக்கு கடந்ததும் தகட்டை எடுத்துவிடுகிறார்கள்.

திருவாமாத்தூருக்கு இந்தப் பேச்சில் பங்கு உண்டு. சொன்ன சொல்லைப் பூட்டி வைப்பதில் பேர்போன தலம் அது. அங்குள்ள வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்பது சுற்றுவட்டாரத்தின் நம்பிக்கை; வழக்குகள் அங்கே சத்தியத்தோடு முடிந்திருக்கின்றன. அந்தக் கோயிலுக்குக் கலம்பகம் பாடியவர்கள் இரட்டைப்புலவர்கள். ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் ஏறிக்கொள்ள, இருவருமாக ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் வெண்பாவின் முதல் இரண்டடியைச் சொல்ல மற்றவர் முடிப்பார். திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடும்போது கோயில் பம்பையாற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்கள் என்கிறது கதை. அவையில் இருந்தவர்கள் பிழை என்றார்கள். புலவர்கள் சொல்லைத் திருத்த மறுத்தார்கள். இரவு பெருமழை. விடிந்து பார்த்தால் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டு, பாட்டில் சொன்ன பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததாம்.

பக்திக்கதையாக இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புலவர்களின் வாக்குபலம் தெரியும். எனக்கு ஆற்றின் நினைவுதான் வருகிறது. பாட்டு ஓர் அடி நகரவில்லை. அதனால் நதி நகர வேண்டியதாயிற்று. அன்றிரவு வெள்ளம் புகுந்த புதுப் பாதையில் யாருடைய வயல் இருந்தது என்று கதை சொல்வதில்லை. விட்டுக்கொடுக்காத சொல்லுக்கான செலவை யாரோ ஏற்றிருக்க வேண்டும். அதே புலவர்கள் தங்களுக்குள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள் என்பதுதான் கதையின் இன்னொரு பாதி. நடக்க வேண்டியபோது சேர்ந்தார்கள், ஊர் வந்ததும் தோளிலிருந்து இறங்கினார்கள். இரண்டடி முடிந்ததும் ஒருவர் நிறுத்த, மற்றவர் தன் சுருதியில் தொடர்ந்தார். அவர்களை யாரும் பற்றவைத்துவிடவில்லை.

டிஃபரன்ஷியலைப் பூட்ட நினைக்கும் பையன்களைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. சட்டம் திட்டட்டும், அதற்கு ஏற்பாடு இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதற்கு 189-ஆம் பிரிவு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பூட்டிய அச்சோடு மழை நாளில் போகிறவன், தன் எட்டு மீட்டரை எதிரே வருகிறவன் தலையில் கட்டுகிறான் என்பதால் இந்தக் கண்டிப்பு சரியானதே. ஆனால் கண்டிப்பு மட்டும் ஆசையை எங்கே கழிப்பது என்று சொல்லித்தராது. இரண்டாம் உலகப்போரில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்ததால்தான் சோழவரத்தில் கார்ப்பந்தயம் வளர்ந்தது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டு நடத்திய பந்தயங்களின் தொடர்ச்சியாகத்தான் 1990-இல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் வந்தது. பழைய விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்த உளுந்தூர்பேட்டையிலும் அதே போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடக்கிறது. அதில் ஒரு மூலையைச் சீர்படுத்தி, டயர் அடுக்கி, ஆம்புலன்ஸ் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கட்டணம் வாங்கித் திறந்துவிட்டால், வெல்டிங் அடித்த ஆம்னிகளுக்கு நெடுஞ்சாலையில் வேலை இருக்காது. தேர் திரும்புவதற்கு முக்கில் தகடு போடத் தெரிந்த நாட்டில், இது ஒன்றும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய நிர்வாகம் அல்ல.